பதினாலு நம்பர் ஊசி

ஊசி உடைந்ததும் நான் எழவில்லை. எழுந்தால் மடியில் விழுந்தது தரைக்குப் போய்விடும். எக்ஸ்போர்ட் கம்பெனியில் பதினோரு வருஷம் தைத்தவளுக்கு இது பழக்கம். அங்கே ஊசி உடைந்தால் கையைத் தூக்கிவிட்டு அசையாமல் இருக்க வேண்டும். சூப்பர்வைசர் வந்து துண்டுகளைப் பொறுக்கி, ஒரு நோட்டில் செலோ டேப் போட்டு ஒட்டுவார். எல்லாம் சேர்ந்து முழு ஊசியானால்தான் புது ஊசி தருவார். ஒரு துண்டு குறைந்தாலும் அந்தக் கட்டுத் துணி மொத்தத்தையும் அனுப்பாமல் ஓரம் கட்டிவிடுவார். கடல் தாண்டி இருக்கிற குழந்தையைக் குத்திவிடக் கூடாதாம்.

கம்பெனியை விட்டுப் பாலக்கரையில் வீட்டிலேயே மிஷின் போட்ட பிறகும் எனக்கென்று ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். ஆறு வருஷத்தில் முப்பத்தொரு ஊசி. எல்லாமே முழுசு.

இது முழுசாகவில்லை. மேல் துண்டு மிஷினிலேயே நின்றது. காதுள்ள துண்டு நூலில் தொங்கியது. அதற்குக் கீழே இருக்க வேண்டிய நுனியைக் காணோம். அரை அரிசி நீளம் இருக்கும்.

தப்பு என்னுடையது. ஜீன்ஸ் துணிக்குத் தடியான பதினெட்டு நம்பர் ஊசி போட வேண்டும். மடிப்பின் மேல் மடிப்பு வருகிற இடத்தைச் சுத்தியலால் தட்டித் தட்டையாக்க வேண்டும். மோட்டாரிலிருந்து காலை எடுத்துவிட்டு, சக்கரத்தைக் கையால் உருட்டி ஒவ்வொரு குத்தாகத் தாண்ட வேண்டும். தெருவில் மிஷின் வைத்திருக்கிற அத்தனை பெண்களுக்கும் இதைச் சொன்னவள் நான். என்னிடம் பதினெட்டு தீர்ந்திருந்தது. கடைவீதிக்குப் போய் வர முக்கால் மணி நேரம். ஒரே ஒரு தையல்தானே என்று பதினாலிலேயே ஓட்டினேன்.

ஓட்டியது ஒரு குழந்தையின் தொட்டில் விரிப்பை.

ஸ்ரீரங்கத்திலிருந்து தேவதர்ஷினி என்ற பெண் கொண்டுவந்த வேலை. இருபத்து நாலு வயது. அவள் ஏழு மாதக் கர்ப்பமாக இருந்தபோது, புருஷன் அன்புச்செல்வன் மணப்பாறை போகிற வழியில் லாரி மோதி இறந்துபோனான். அவனுடைய சட்டைகள் பதினாலு, ஒரு ஜீன்ஸ். ஒரு கட்டைப்பையில் போட்டு என் முன்னால் வைத்தாள்.

"எல்லாத்தையும் வெட்டிடுங்கக்கா. எதுவும் மிச்சம் வேணாம். இந்த ஜீன்ஸ் பாக்கெட் மட்டும் நடுவுல வரணும். அதுலதான் கைய விட்டுக்கிட்டு நிப்பாரு."

வெட்டினேன். அட்டையில் ஐந்தங்குலச் சதுரம் நறுக்கி, அதை வைத்து, தேய்ந்த சோப்புத் துண்டால் கோடு போட்டு வெட்டினேன். பேனாவால் கோடு போட்டால் துவைக்கும்போது ஊறும். சோப்புக் கோடு ஒரு தண்ணீரில் போய்விடும். ஜீன்ஸின் செம்புப் பொத்தான்களை முன்பே குறட்டால் பிடுங்கிவிட்டேன். உள்ளே பஞ்சு ஷீட், அடியில் வெள்ளைப் பருத்தி. எல்லாம் முடிந்து, பாக்கெட்டைச் சுற்றிக் கடைசித் தையல். அங்கேதான் உடைந்தது.

மடியைத் துழாவினேன். மிஷின் தகட்டைக் கழற்றி, துணியை நகர்த்துகிற பல்லுக்கு அடியில் இருந்த பஞ்சுத் தூசியை பிரஷ்ஷால் தள்ளிப் பார்த்தேன். தரையை ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, அந்தத் துணியை வெயிலில் விரித்துப் பார்த்தேன். இல்லை.

கீழே மிக்ஸி, ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருக்கிற ஹனீஃபா பாயிடம் போனேன்.

"பாய், பழைய ஸ்பீக்கர் காந்தம் இருந்தா குடுங்க."

"என்னத்த தொலைச்சீங்க, தங்கக் கம்மலா? தங்கம் காந்தத்துல ஒட்டாதும்மா."

"ஊசி நுனி."

"ஊசி என்ன விலை விக்குது? நான் வாங்கித் தரேன், போங்க."

"பச்சப்புள்ள விரிப்புக்குள்ள போயிருச்சு பாய்."

அவர் இருந்ததிலேயே பெரிய ஸ்பீக்கரை உடைத்துக் காந்தத்தை எடுத்துக் கொடுத்தார்.

காந்தத்தை பிளாஸ்டிக் கவரில் போட்டுத்தான் ஓட்ட வேண்டும். அப்போதுதான் ஒட்டுவதைக் கவரோடு உரித்து எடுக்கலாம். தரையில் ஓட்டினேன். இரண்டு குண்டூசி, ஒரு ஜாக்கெட் கொக்கி, ஒரு ஸ்டேப்ளர் பின். விரிப்பின் மேலும் கீழும் ஓட்டினேன். ஒன்றும் வரவில்லை. பஞ்சில் புதைந்து நூலில் மாட்டிக்கொண்டிருந்தால் காந்தம் இழுத்தாலும் வராது.

கையால் தடவிப் பார்ப்பதில் பிரயோஜனமில்லை. அம்மா சித்தாள் வேலை பார்த்தாள், நானும் பன்னிரண்டு வயதில் அவளோடு செங்கல் சுமந்தவள். இந்த உள்ளங்கையில் ஊசி ஏறினால்கூட ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரியும். முழங்கையின் உள்பக்கத் தோல்தான் மிருது. அதை வைத்து அங்குலம் அங்குலமாக அழுத்தினேன். பிறகு பிளேடால் பாக்கெட்டைப் பிரித்தேன், சுற்றி இருந்த எட்டுச் சதுரங்களையும் பிரித்தேன். பஞ்சைப் பிய்த்து வெள்ளைத் தட்டில் போட்டு ஊதினேன். அதற்கு மேல் பிரிக்க முடியவில்லை. பழைய சட்டைத் துணி, ஓரமெல்லாம் நூல் நூலாகக் கழன்று வந்தது. மீதியையும் பிரித்தால் திரும்பத் தைக்க ஓரம் மிஞ்சாது. புதுப் பஞ்சு வைத்து, பதினெட்டு நம்பர் வாங்கிவந்து, திரும்ப மூடினேன்.

மறுநாள் பிலோமின்ராஜுக்குப் போன் போட்டேன். கம்பெனியில் என் லைன் சூப்பர்வைசராக இருந்தவன், இன்னும் அங்கேதான் இருக்கிறான். அங்கே ஊசி கண்டுபிடிக்கிற மிஷின் உண்டு. துணியை ஓடும் பட்டையில் வைத்தால், உள்ளே இரும்பு இருந்தால் கத்தும்.

"ஒரே ஒரு தடவ உள்ள விட்டு எடுத்துக் குடு தம்பி. அரை நிமிஷ வேலை."

"அக்கா, வெளித் துணி கேட்டத் தாண்டி உள்ள வந்தாலே என் வேலை போயிரும். இப்ப எல்லா எடத்துலயும் கேமரா."

"கொழந்தைக்குடா."

"தெரியுதுக்கா. எனக்கும் ரெண்டு இருக்கு." குரலைத் தாழ்த்தினான். "கீழதான் எங்கயாவது தெறிச்சிருக்கும். குடுத்துருங்க. பாதி ஊசி அப்படித்தான் போகும்."

"அப்ப நீ ஏன் அன்னைக்கு ஒரு துண்டு காணோம்னு முந்நூறு உருப்படிய ஓரம் கட்டுன?"

லைனில் கூப்பிடுகிறார்கள் என்று போனை வைத்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை தொட்டில் போடுகிறார்கள். சனிக்கிழமை விரிப்பை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். சொல்லாமல் கொடுத்துவிடலாம் என்று காவிரிப் பாலம் வரைக்கும் நினைத்தேன். பாலம் இறங்கியதும் அந்தத் தைரியம் போய்விட்டது.

தேவதர்ஷினியின் அம்மா ஜோதிதான் கதவைத் திறந்தார். பள்ளிக்கூடத்தில் சத்துணவு வேலை பார்க்கிறவர், முகத்துக்கு நேராகப் பேசுகிறவர். குழந்தை பாயில் படுத்துக் காலை உதைத்துக்கொண்டிருந்தது. தேவதர்ஷினி விரிப்பை வாங்கி, ஒவ்வொரு சதுரமாகத் தொட்டாள்.

"இது தீபாவளிச் சட்டை. இது இன்டர்வியூவுக்குப் போட்டது. இது எனக்குப் புடிக்காது, வேணும்னே போடுவாரு." பாக்கெட்டுக்குள் கையை விட்டாள்.

"கைய எடும்மா," என்றேன். நடந்ததைச் சொன்னேன்.

ஜோதி தலையில் அடித்துக்கொண்டார். "நல்லா தைப்பீங்கன்னு நாலு பேரு சொல்லித்தானே அங்க வந்தோம். பச்ச ஒடம்புல ஊசி போனா எங்கன்னு தேடுறது?"

"தப்புதாங்க."

"தப்புன்னு சொல்லிட்டா ஆச்சா? இத மொதல்ல ஆத்துல போட்டு வா தேவி."

"போட மாட்டேன்."

"அப்ப கொழந்தைய இது மேல போடுவியா?"

"வேற துணியில புதுசா ஒண்ணு தச்சுத் தரேன்," என்றேன். "இத பீரோல வச்சுக்க. போட்டோ மாதிரி."

"வேற துணியில எதுக்கு? கடையில விக்குது." அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். "அவரோட சட்டை வேற இருக்கா?"

"காலரும் கைப்பட்டியும் இருக்கு. பையில போட்டுக் கொண்டாந்திருக்கேன்."

"காலர வச்சு என்ன பண்ணட்டும்க்கா?"

துணியை ஒட்டுப் போடலாம், சுருக்கத்தை மறைக்கலாம், கோணலை ஓரத்துக்குள் மடித்துவிடலாம். வெட்டினதை வெட்டாததாக ஆக்க எனக்குத் தெரிந்த வித்தை எதுவுமில்லை.

அவள் விரிப்பைத் தரையில் விரித்தாள். முட்டி போட்டுக் குனிந்து, கன்னத்தை அதன் மேல் வைத்து அழுத்தினாள். ஒரு மூலையிலிருந்து ஆரம்பித்து, ஒரு சதுரம், அடுத்த சதுரம். ஜோதி "தேவி, தேவி" என்று தோளைப் பிடித்து இழுத்தார். பிள்ளை பெற்று ஒரு மாதம் ஆகாத உடம்பு. அவள் நகரவில்லை. கடைசி வரிசை வரை போய்விட்டு நிமிர்ந்தபோது கன்னத்தில் தையல் கோடு பதிந்திருந்தது.

"ஒண்ணும் இல்லக்கா."

"இல்லேன்னு சொல்ல முடியாதும்மா. இன்னைக்கு உள்ள இருக்கும். நாலு தடவ தொவச்சா மேல வரும்."

"அப்ப நான் படுத்துக்கறேன். தொவச்சுத் தொவச்சுப் போட்டு தெனமும் நானே படுத்துக்கறேன். இருந்தா என்னக் குத்தட்டும். ஒரு மாசம் குத்தலேன்னா பாப்பாவப் போடுறேன்."

"ஒரு மாசம் குத்தலேன்னா இல்லேன்னு ஆயிடாது."

"எப்பக்கா ஆகும்?"

கூலி எதுவும் வேண்டாமென்று சொல்லிவிட்டு வந்தேன். ஜோதி வாசல் வரை வந்தார். "நீங்க சொல்லாமயே இருந்திருக்கலாம்," என்றார். கொஞ்சம் முன்னால் அவரேதான் ஆற்றில் போடச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்தேன். தேதி, பதினாலு நம்பர், ஜீன்ஸ் என்று எழுதி இரண்டு துண்டையும் ஒட்டினேன். கீழே அரை அரிசி இடம் காலியாக இருக்கிறது.

ஒரு வாரம் கழித்து தேவதர்ஷினி போன் பண்ணினாள். "குத்தலக்கா." பத்து நாள் கழித்துத் திரும்பவும். "மூணு தடவ தொவச்சாச்சு. குத்தல." ஒவ்வொரு தடவையும் "பாப்பாவப் போடாத" என்றேன். ஒவ்வொரு தடவையும் "போடலக்கா" என்றாள்.

அப்படியே மூன்று மாதம் போனது. நேற்று மத்தியானம் கூப்பிட்டாள். பின்னால் குழந்தை சிரிக்கிற சத்தம் கேட்டது. போனுக்குப் பக்கத்திலேயே, அவள் வாய்க்குப் பக்கத்திலேயே கேட்டது. அவள் படுத்துக்கொண்டு பேசுகிறாள் என்பது குரலிலேயே தெரிந்தது.

"பாப்பா எங்க?" என்றேன்.

"இங்கதான்க்கா. என் பக்கத்துல."

எது மேல என்று கேட்க வாயெடுத்தேன். குழந்தை திரும்பச் சிரித்தது. அவளும் சிரித்தாள், அந்தப் பெண் சிரித்து நான் கேட்டதே இல்லை. கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. "வச்சிரட்டுமாக்கா" என்றாள், வைத்துவிட்டாள்.

மிஷினில் பள்ளிக்கூடப் பேன்ட் ஒன்று பாதியில் நின்றது. மடிப்பு தடித்த இடம். காலை எடுத்துவிட்டுக் கையால் சக்கரத்தை உருட்டினேன்.