சூடேறினால்தான் பிடிக்கும்

பல் டாக்டருக்குப் பொய் சொல்ல வராது என்று யாரும் சொல்ல முடியாது. வரும். சொன்ன பொய்யை நிறுத்தத்தான் வராது.

ஐம்பது வயதில் சிவப்பு நிறத்தில், இரண்டே இருக்கையோடு ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினார். வாங்கியதோடு விட்டாரா? ஞாயிறுதோறும் பந்தயத் திடலில் ஓட்டுவதாக வீட்டிலும் வெளியிலும் அளந்து வைத்தார். உண்மையில் திடலுக்கு ஒரே ஒரு முறைதான் போனார். வேலிக்கு வெளியே நின்று மற்றவர்கள் ஓட்டுவதைப் பார்த்ததிலேயே ஈரக்குலை நடுங்கிவிட்டது. அதன்பின் ஞாயிறு காலைகளில் கிளினிக்கின் பின்புறம் வண்டியை நிறுத்தி, நன்றாகத் துடைத்து, உள்ளேயே ஒரு குட்டித் தூக்கம் போட்டுவிட்டு வீடு திரும்புவார்.

இத்தனைக்கும் அவரிடம் யாரும் பொய் சொல்லித் தப்ப முடியாது. "தினமும் ரெண்டு வேளை துலக்குறேன் டாக்டர்" என்று யாராவது ஆரம்பித்தால், "வாயைத் திறங்க, ஈறு பொய் சொல்லாது" என்பார். போன வருடம் பல்வலியோடு வந்த கராஜ்காரம்மாவிடமும் அதையேதான் சொன்னார். அந்த அம்மாள் அசடு வழிந்தபடி வாயைத் திறந்தார்.

திங்கட்கிழமை பிரேக் பேட் மாற்ற வண்டியை அதே அம்மாளின் கராஜில் விட்டார். அந்த அம்மாள் மேசைமேல் இரண்டு பேட் பெட்டிகளை எடுத்து வைத்தார்.

"இது ரோட்டுக்கு. இது ரேஸுக்கு. வண்டி எங்க ஓடுது டாக்டர் சார்?"

"டிராக்லதான். வாராவாரம். சாதா பேட் எல்லாம் நம்ம வேகத்துக்குத் தாங்காதும்மா."

அந்த அம்மாள் அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து டயரைப் பார்த்தார். "சரிங்க, எது தோதோ அதைப் போட்டு வைக்கிறேன்" என்றார். மறுநாள் கராஜ் பையன் வண்டியை வீட்டிலேயே கொண்டுவந்து விட்டான். சாவியோடு ஒரு காகிதமும் வந்தது. பில்தானே என்று டாக்டர் அதை மடித்து வண்டிக்குள் போட்டுவிட்டார்.

புதன்கிழமை காலை மனைவியின் ஸ்கூட்டர் மக்கர் செய்தது. "என் வண்டியை எடுத்துட்டுப் போயேன். பிரேக் புதுசு, ரேஸ் பிரேக்!" என்று தாராளமாகச் சாவியைக் கொடுத்துவிட்டு, சரிவில் இறங்கிக் கிளினிக்குக்கு நடந்தே வந்துவிட்டார். ஒன்பதரைக்குக் கிளம்புவதாக மனைவி சொல்லியிருந்தாள்.

ஒன்பதரைக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது நாற்காலியில் சாய்ந்திருந்தவர் பந்தயத் திடலில் டயர் மாற்றும் வேலை பார்ப்பவர். ஊசி போடுமுன் சும்மா இருக்காமல், டாக்டர் தன் புது பேட் பெருமையை எடுத்துவிட்டார்.

டயர்க்காரர் பாதி எழுந்துவிட்டார். "அதைப் போட்டுக்கிட்டா ரோட்டுல ஓட்டுறீங்க? ரெண்டு ரவுண்டு அடிச்சு சூடேறினாத்தான் சார் அது பிடிக்கும். காலையில எடுத்த எடுப்புல மிதிச்சா நிக்க மாட்டேங்கும்."

டாக்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். வீடு சரிவின் உச்சியில். வாசலிலிருந்து கீழே வரை நேரான லேசான இறக்கம்தான், நடுவே பிரேக்கை மிதிக்க வேண்டிய இடமே கிடையாது. அவள் முதன்முதலாக அழுத்தி மிதிக்கப்போவது கீழே இருக்கும் சிக்னலில்தான். சிக்னலை ஒட்டிப் பள்ளிக்கூடம்.

போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. முன்னதாகவே கிளம்பிவிட்டாள் போலும். வண்டி ஓட்டும்போது அவள் போனைத் தொட மாட்டாள். இத்தனை நாள் மெச்சிய அந்தப் பழக்கத்தை அன்று வாய்விட்டே திட்டினார். பிறகு கையுறையைக்கூடக் கழற்றாமல் தெருவில் ஓடினார்.

அவர் முனைக்கு வந்து சேரவும் சிக்னல் சிவப்பாக மாறவும் சரியாக இருந்தது. பிள்ளைகள் சாலையைக் கடக்கத் தொடங்கினார்கள். மேலே சிவப்புக் கார் இறங்கி வந்துகொண்டிருந்தது. ஓடிவந்த இரைப்பில் கத்தக்கூட முடியவில்லை. இரண்டு கைகளையும் ஆட்டினார். ஒரு பையன் அவரைப் பார்த்து டாட்டா காட்டினான்.

கார், நிறுத்தக் கோட்டுக்கு ஒரு முழம் முன்னால், அலுங்காமல் குலுங்காமல் நின்றது.

டாக்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மின்கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதார். மனைவி வண்டியை ஓரங்கட்டிக் கதவைத் திறந்தாள்.

"என்னங்க இது? யார் பல்லையாவது தப்பாப் பிடுங்கிட்டீங்களா?"

அவர் உள்ளே ஏறி உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினார். ரேஸ் பேட், சிக்னல், வேலிக்கு வெளியே நின்றது, குட்டித் தூக்கம், ஒன்று விடாமல். "ஒரு வெத்துப் பெருமைக்காக உன்னைக் கொல்லப் பார்த்தேன்" என்று முடித்தார்.

"தூங்குறது எனக்குத் தெரியும். ரேஸுக்குப் போன வண்டி போனதைவிடச் சுத்தமா வருமா?" என்றாள் அவள். "ஆனா பிரேக் நல்லாத்தானே பிடிச்சுது?"

அது அவருக்கும் விளங்கவில்லை. கண்ணைத் துடைக்க ஏதாவது கிடைக்குமா என்று முன்னால் இருந்த டாஷ்போர்டு பெட்டியைத் திறந்தார். மடித்துப் போட்ட காகிதம் வந்தது. மனைவி அதை வாங்கிப் படித்தாள்.

"ரோட்டு பேட்தான் போட்டிருக்கிறேன். ரேஸ் பேட் பிரிக்காமல் என்னிடமே இருக்கிறது. டயர் ஓரம் கொஞ்சம்கூடத் தேயவில்லை, இந்த வண்டி டிராக்கில் ஓடியதே இல்லை. கோபம் இருந்தால் வந்து பேசுங்கள். ஈறு பொய் சொல்லாது என்று சொன்னது நீங்கள்தான் சார். டயரும் சொல்லாது."

மனைவி சிரித்த சிரிப்பில் வண்டியே ஆடியது. டாக்டரும் சிரித்தார். நெஞ்சில் இருந்த பாரம் மொத்தமும் இறங்கியிருந்தது.

"ஞாயித்துக்கிழமை இனிமே வீட்டுலயே தூங்குங்க" என்றாள்.

"சரிம்மா."

"இப்ப இறங்குங்க, எனக்கு நேரமாச்சு. அங்க ஒருத்தர் வாயைத் திறந்துட்டு உக்காந்திருப்பாரு."