தாமரை போட்ட இருபது பைசா

1.

இந்தக் கதைக்கு மூலம், என் உள்ளங்கைக்கு வந்துவிட்டுத் திரும்பிப் போன ஒரு காசு. தொண்ணூற்றாறில், தி. நகரில் ஒரு பாத்திரக் கடையில் காபி ஃபில்டர் வாங்கினேன். கடைக்காரர் ஒரு குத்துவிளக்கைத் துணியால் தேய்த்துக்கொண்டே மீதிச் சில்லறையைத் தந்தார். தந்த பிறகுதான் அதைப் பார்த்தார்.

"அண்ணே, அந்தத் தாமரக் காச மட்டும் திருப்பிக் குடுங்க. வேற தாரேன்."

கொடுத்தேன். (கொடுக்கும்போது அவர் இன்னொன்றும் சொன்னார். அதை இப்போது எழுதப் போவதில்லை. நான் மறந்தால் கடைசியில் கேளுங்கள்.)

எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மற்றதையெல்லாம் மயிலாப்பூர் திரும்பும் பேருந்தில், கம்பியைப் பிடித்தபடி நானே கட்டினேன். பெயர்களும் நான் வைத்தவைதான்.

2.

முதல் தொடக்கம்: "நாணயம் என்பது ஒரு தேசத்தின்—" வேண்டாம். இப்படித் தொடங்குவதை நானே படிக்கமாட்டேன்.

இரண்டாவது: "தாரணிக்கு இருபத்திரண்டு வயது. அவள் கண்கள்—" இதுவும் வேண்டாம். கல்லாவில் உட்கார்ந்திருப்பவளின் கண்ணை யார் பார்க்கிறார்கள்? கையைத்தான் பார்ப்பார்கள்.

மூன்றாவது தேறியது. அப்பாவின் கல்லாவில் சில்லறை விழுந்ததும் தாரணி ஆண்டுக்குக் கீழே பார்ப்பாள். நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாதில் அடித்தது, ஒன்றுமே இல்லையென்றால் கல்கத்தா. பிடித்ததை எடுத்துக்கொண்டு, அதே மதிப்புக்குத் தன் பர்சிலிருந்து போட்டுவிடுவாள். பழசு என்பதற்காக மட்டும் எதையும் எடுக்கமாட்டாள், பளபளப்புக்கும் மயங்கமாட்டாள். பித்தளைக் காசின் மேல் வருஷக்கணக்கில் தானாகப் படிந்த பழுப்புதான் அதன் தோல். அது கலையாமல் இருந்தால் பிஸ்கட் டப்பாவுக்குப் போகும், கலைந்திருந்தால் கல்லாவுக்கே திரும்பும். அவள் அப்பா வெள்ளைச்சாமி பேரத்தில்கூட இவ்வளவு கறார் கிடையாது.

"ஓடுற காச எதுக்குத் தாயி டப்பாவுல போட்டுப் பூட்டுற?" என்று மட்டும் அடிக்கடி கேட்பார். விருதுநகர் பக்கத்திலிருந்து வந்து கடை போட்ட மனிதர், வேறெப்படிக் கேட்பார்?

3.

மயிலாப்பூரில் நாணயம் சேர்ப்பவர்கள் வருஷத்துக்கு ஒரு கண்காட்சி வைக்கிறார்கள். (இப்படி ஒரு சங்கம் இருக்கிறதா என்று தேடாதீர்கள், கதைக்காக நான் வைத்த சங்கம் இது.) புதியவர்களின் காசுகளை முன்னதாகப் பார்த்து, தேறினால் ஒரு மேசை தருவார்கள். தாரணிக்கு அந்த மேசை வேண்டும். கல்லாவுக்குப் பின்னால் இல்லாமல், தன்னுடையது என்று ஒரு மேசைக்குப் பின்னால் ஒருநாள் நிற்கவேண்டும். தாமரை போட்ட இருபது பைசாக்களில் நல்லதாக எட்டைப் பொறுக்கி வைத்திருந்தாள்.

காசைப் பூட்டாதே என்ற வெள்ளைச்சாமியின் மனம் ஏன் மாறியது என்பதற்கு நான்கு காரணம் எழுதி நான்கையும் அடித்துவிட்டேன். மகள் முதன்முதலாக ஓரிடத்துக்குத் தனியாகப் போய் நிற்கப் போகிறாள். அது போதாதா?

சங்கத்தில் காசைக் காட்டவேண்டிய ஞாயிற்றுக்கிழமை காலை அவள் குளித்துவிட்டு வந்தபோது, எட்டுக் காசும் ஈரத் துண்டின்மேல் தகதகவென்று கிடந்தன. பக்கத்தில் புளிச்சக்கை.

"பாரு தாயி, புதுசாக்கிட்டேன். நம்ம பொருள அழுக்கோட நாலு பேரு முன்னாடி வைக்கலாமா?"

விளக்காத பாத்திரத்தை ஒருநாளும் கடை வாசலில் வைத்தறியாதவர் அவர். தாரணி ஒரு காசை விளிம்பில் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள், பழுப்பு ஒரு பொட்டுகூட மிச்சமில்லை. "நல்லாருக்குப்பா" என்றாள்.

4.

(அவள் போகாமலே இருந்துவிடட்டும் என்று ஒரு பத்தி எழுதினேன். கேட்கவில்லை, போய்விட்டாள்.)

சங்கத்தின் கூடத்தில் காசுகளைப் பார்ப்பவர் பரத்வாஜ் என்ற வங்கி அதிகாரி. அவர் லென்ஸைக் கண்ணில் வைத்துப் பார்த்தார். பார்த்ததும் லென்ஸை எடுத்துவிட்டார்.

"புளி போட்டுத் தேய்ச்சிருக்கே. தோலே போயிடுத்தேம்மா. ஆத்துல யாராவது தெரியாம பண்ணிட்டாளா?"

"இல்ல சார். நான்தான் தேய்ச்சேன்."

இந்த வரி என் திட்டத்தில் இல்லை. எழுதிவிட்டுச் சிறிது நேரம் பேனாவை மூடி வைத்தேன். அவளை எனக்கு மிகவும் பிடித்துப்போனது அங்கேதான்.

"அடுத்த வருஷம் வாங்கோ" என்றார் பரத்வாஜ். நல்ல மனிதர்தான்.

கடை வாசலில் அப்பா காத்திருந்தார். "என்ன தாயி சொன்னாக?"

5.

முடிவு ஒன்று: மேசை கிடைத்ததாகப் பொய் சொல்கிறாள். சரிவராது. சொந்தக்காரர்களை வேன் வைத்துக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்.

முடிவு இரண்டு: எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறாள், வெள்ளைச்சாமி தன் கைகளைப் பார்த்துக்கொண்டு— எனக்கு இதை எழுதக் கை வரவில்லை.

முடிவு மூன்று: ஒன்றும் பேசாமல் எட்டுக் காசையும் கல்லாவில் கொட்டிவிடுகிறாள், அவை சில்லறையோடு சில்லறையாகப் போகின்றன. நடக்கக்கூடியது இதுதான் என்று எனக்குப் பயமாக இருந்தது.

6.

நீங்கள் கேட்கவில்லை. நானே சொல்கிறேன்.

அன்று அந்தக் காசில் பிசுக்கு ஒட்டியிருந்தது. திருப்பித் தருமுன் சட்டை நுனியில் துடைக்கப் போனேன். கடைக்காரர் விளக்கையும் துணியையும் சட்டென்று கீழே வைத்துவிட்டுக் கையை நீட்டினார்.

"தொடைக்காதீங்கண்ணே. எம் பொண்ணு ஏசும்."

விளிம்பைப் பிடித்து வாங்கி, அழுக்கோடு ஒரு தாளில் மடித்து வைத்தார். அவருக்குப் பின்னால், லட்சுமி படத்துக்குக் கீழே, ஒரு கண்ணாடிச் சட்டத்துக்குள் தாமரைக் காசுகள் வரிசையாக இருந்தன. எல்லாம் தேய்த்துத் தேய்த்துத் தங்கம் மாதிரி மின்னின. யாரோ அவற்றையும் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்திருக்கிறார்கள்.

ஆகவே அவள் சொல்லியிருக்கிறாள். அவரும் கேட்டிருக்கிறார். எப்படிச் சொன்னாள் என்பது என்னிடம் இல்லை. அவர் இன்னும் வாசலில்தான் நிற்கிறார், அவள் கையில் டப்பா இருக்கிறது. உங்கள் அப்பாவிடம் நீங்கள் எப்படிச் சொல்வீர்களோ அப்படி எழுதிக்கொள்ளுங்கள். எழுதியதை மட்டும் ரொம்பத் தேய்த்துவிடாதீர்கள்.