எந்த வரி தப்பு?

ஒன்றும் இரண்டும் சமம் என்று நிரூபித்துக் காட்டித்தான் ஒவ்வோர் ஆண்டும் வகுப்பைத் தொடங்குவேன். சிங்கப்பூரில், ஆங் மோ கியோவில் ஒரு டியூஷன் சென்டரில் கணக்கு டீச்சர் நான். ஏ-யும் பி-யும் சமம் என்று முதல் வரி. பிறகு பெருக்கல், கழித்தல், காரணிப்படுத்தல். இரண்டு பக்கமும் வந்து நிற்கும் 'ஏ கழித்தல் பி'யை அடித்துவிட்டால், கடைசி வரியில் இரண்டு ஒன்றாகிவிடும். பிள்ளைகள் சிரிப்பார்கள், பிழையைத் தேடுவார்கள், பெரும்பாலும் கண்டுபிடிக்க மாட்டார்கள். அடித்த அந்தத் துண்டின் மதிப்பு பூஜ்யம். பூஜ்யத்தால் வகுக்கக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் அது எழுத்து வேஷத்தில் வந்தால் யாருக்கும் உறைப்பதில்லை. நாலு சரியான வரிக்குத் தலையாட்டிய தலை, ஐந்தாவதற்கும் ஆடிவிடுகிறது.

என் தம்பி அருண்ராஜுக்கு இந்த விளையாட்டு ரொம்பப் பிடிக்கும். இரண்டு வடையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "ஒண்ணுதான் லா எடுத்தேன், ப்ரூவ் பண்ணட்டுமா?" என்பான்.

போன ஆண்டு, தாத்தாவின் திதிக்கு முதல் நாள் அவன் இறந்துபோனான். எங்கள் செம்பவாங் வீட்டுக்குப் பக்கத்து மார்க்கெட்டில் நுனி நறுக்கிய வாழையிலைதான் கிடைக்கும். படையலுக்கு நுனியோடு தலைவாழை வேண்டும் என்பதில் அப்பா கண்டிப்பானவர். அதை வாங்கிவரத் தம்பியைத் தேக்கா மார்க்கெட்டுக்கு அனுப்பினார். பைக்கில் போனவன் மீது, சிவப்பு விளக்கை மீறி வந்த லாரி ஒன்று மோதியது.

அவனுடைய முதல் திதிக்கு இரண்டு நாள் முன்பு, சாயங்காலம் அப்பா சொன்னார்.

"நான் உட்கார மாட்டேன். ஐயர வர வேணாம்னு சொல்லிடு."

கல்யாணமாகாத பிள்ளைக்கு அப்பாதான் உட்கார்ந்து செய்ய வேண்டும். அவர் உட்காராவிட்டால் என் தம்பிக்குப் படையல் கிடையாது.

"ஏம்ப்பா?"

"கொன்னவனே படையல் போடுறதா?"

துக்கத்தைவிடக் கோபம்தான் எனக்குச் சீக்கிரம் வரும். "என்னப்பா பேசுறீங்க? லாரிக்காரன் சிக்னல்ல நிக்கல. கோர்ட்லயே சொல்லிட்டாங்க."

"அது கோர்ட்டுக்கு." கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். எதையும் மெதுவாகத்தான் சொல்வார். "நீ கணக்கு டீச்சர்தானே, இத செக் பண்ணு. நான் தலைவாழை கேட்டேன். இங்க கிடைக்கல. அதனால அவன் தேக்காவுக்குக் கிளம்பினான். கிளம்பினதாலதான் அந்த ஜங்ஷன்ல இருந்தான். அங்க இருந்ததால செத்தான். எந்த வரி தப்பு?"

ஒவ்வொரு வரியாகத் தேடினேன். எல்லாமே நடந்தவைதாம். வகுப்பில் பிள்ளைகள் பிழையைத் தேடுவது, ஒன்றும் இரண்டும் சமமில்லை என்று முன்பே தெரிந்திருப்பதால்தான். அப்பாவுக்கோ முடிவு முதலிலேயே கிடைத்துவிட்டது, வரிகளை அதற்கப்புறம்தான் அடுக்கியிருக்கிறார். அப்படிப்பட்டவர் பிழையை ஏன் தேடப் போகிறார்?

"எங்கேயோ தப்பு இருக்குப்பா."

"எங்கன்னு காட்டு."

என்னால் காட்ட முடியவில்லை. இத்தனை வருஷம் பாடம் நடத்தி என்ன பிரயோஜனம் என்று அழுகையாக வந்தது.

சமையலறை வாசலில் அரிசி களைந்துகொண்டிருந்த அம்மா, தலையைத் தூக்காமலே பேசினார்.

"ஹெல்மெட்ட கையில எடுத்துட்டு நின்னான். நான்தான் ரெண்டு தோசை சாப்பிட்டுட்டுப் போடான்னு உக்கார வெச்சேன். அப்பவே போயிருந்தா, லாரி வர்றதுக்குள்ள தாண்டியிருப்பான்."

அம்மா இதை யாரிடமும் சொன்னதில்லை. ஓர் ஆண்டாக எங்கள் வீட்டில் தோசைக்கல்லே அடுப்பேறவில்லை. மாவு அரைத்தால் இட்லிதான். காரணம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அப்பா எழுந்தே விட்டார். "உனக்கென்ன பைத்தியமா, பூவம்மா? புள்ளைக்கு சாப்பாடு போட்டது ஒரு தப்பா? எவனோ சிக்னல்ல நிக்காம வந்ததுக்கு நீ என்ன பண்ணுவ?"

அம்மா நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

அப்பா இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டார். அதே வரிகள்தான், இலை இருந்த இடத்தில் தோசை இருந்தது, அவ்வளவுதான். அடுத்தவர் பிழையை உடனே சுட்டிக்காட்டும் வாய் எனக்கு. அன்றைக்கு அதை மூடிக்கொண்டேன். அப்பா துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். ஆஸ்பத்திரியில்கூட அழாதவர்.

மறுநாள் காலை நான் தேக்காவுக்குக் கிளம்பியபோது, அப்பா சட்டை மாட்டி, செருப்பும் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார்.

"நீ இரு. இலைய நான் போய் வாங்கறேன். நுனி கிழிஞ்சதப் பாக்காம வாங்கிட்டு வந்துடுவ நீ."

உள்ளே தோசைக்கல்லில் மாவு விழும் சத்தம் கேட்டது. அம்மா கரண்டியோடு வந்து நின்றார்.

"ரெண்டு தோசை சாப்பிட்டுட்டுப் போங்க."

அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு வந்து மேசை முன் உட்கார்ந்தார். இரண்டையும் பொறுமையாகச் சாப்பிட்டு முடித்துவிட்டுத் தட்டை நீட்டினார்.

"இன்னொண்ணு போடு," என்றார். "அவசரமில்ல."