கிராஸ் மாற்றிய படகு

ஊர்ப் படகுகள் மகனைக் கடலில் தேடுவதை நிறுத்திய மறுநாள் காலை, தங்கசாமி பெரியபட்டினத்தில் ஹசன் அலியின் வீட்டு வாசலில் போய் நின்றார். அவர் மனைவி பூமயில் கொஞ்சம் தள்ளி வேலியோரமாக நின்றாள்.

"பாய், ஒங்க ஸ்பீடு போட்ட எடுங்க. நம்மளே போயித் தேடுவோம்."

ஹசன் அலி மடித்துக் கட்டியிருந்த கைலியை இறக்கிவிட்டுக்கொண்டு வெளியே வந்தார். "எடுக்க முடிஞ்சா அன்னைக்கே எடுத்திருக்க மாட்டேனாண்ணே? பின்னாடி கிராஸ் போயிக் கெடக்கு. சாமானெல்லாம் பார்சல்ல வந்திருச்சு. மாட்டுறதுக்குத் தூத்துக்குடியிலேர்ந்து மெக்கானிக் வரணும். இன்னைக்கு வாரேன், நாளைக்கு வாரேன்னு இழுத்தடிக்கிறான்."

"எந்தக் கிராஸு? டிராக்டர்ல உழுகுற ரோட்டாவேட்டருக்குப் போற சாஃப்ட்டுல இருக்குமே, அதா?"

"அதேதான். அளவுதான் வேற."

"அப்ப நான் மாட்டுறேன். ஸ்பேனர் எல்லாம் இருக்கா?"

தங்கசாமிக்கு நயினார்கோவிலை ஒட்டிய கிராமம். நெல்லும் மிளகாயும் போட்டுப் பிழைக்கிறவர். கடல் என்றால் ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரம் போய் முழுகிவிட்டு வருவதோடு சரி. அவருடைய ஒரே மகன் அருள்முருகன் ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் படித்தான். படித்த கையோடு, சுற்றுலா வருகிறவர்களை ஏற்றிப்போகும் ஹசன் அலியின் படகுக்கு டிரைவராக வந்து சேர்ந்தான். திருப்பும்போதெல்லாம் பின்பக்கம் உறுமுகிறது, கிராஸ் தேய்ந்துவிட்டது, இதை வைத்துக்கொண்டு ஆள் ஏற்றக் கூடாது என்று சொன்னவனும் அவன்தான். ஹசன் அலி படகைக் கரையேற்றி நிறுத்தினார்.

சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் அவன் இருளாண்டியின் வள்ளத்தில் மீன்பிடிக்கப் போனான். மேற்கேயிருந்து கச்சான் காற்று வீசும் காலம். வலையை இழுத்துக்கொண்டிருந்தபோது ஒரு அலை வள்ளத்தைக் குப்புறத் தள்ளியது. இருளாண்டி கவிழ்ந்த வள்ளத்தைப் பற்றிக்கொண்டு கிடந்து, அந்தப் பக்கமாக வந்த படகுக்காரர்கள் கையில் உயிரோடு கிடைத்தார். அருள்முருகனுக்கு ஒரு காலி டீசல் கேன்தான் அகப்பட்டது. அதைக் கட்டிக்கொண்டபடியே அவன் கிழக்கே இழுத்துப்போகப்பட்டான். ஊரே தேடியது. அரசாங்கப் படகும் வந்து தேடிவிட்டுப் போனது. பிறகு அவரவர் பிழைப்பைப் பார்க்க வேண்டியிருந்தது.

தங்கசாமிக்கு மட்டும் ஒரு எண்ணம் விடவில்லை. கேன் மிதக்கும். கிழக்கே வரிசையாகத் தீவுகள் இருக்கின்றன. ஏதோ ஒன்றில் ஏறி உட்கார்ந்திருப்பான்.

படகு கடற்கரையில் ஒரு டிரெய்லரின் மேல் நின்றது. அதன் இன்ஜின் உடம்புக்குள்ளே இருந்தது. தண்ணீரைத் தள்ளும் விசிறியைத் தாங்கும் கால் மட்டும் பின்பக்கம் வெளியே தொங்கியது. படகைத் திருப்ப அந்தக் கால் முழுவதுமே இடமும் வலமும் திரும்ப வேண்டும். அதனால் இன்ஜினிலிருந்து விசிறிக்குப் போகும் குட்டைச் சாஃப்ட்டில், வளைந்தபடியே சுற்றுவதற்கு இரண்டு இடத்தில் கூட்டல் குறி மாதிரி இரும்பு வைத்திருந்தார்கள். அதுதான் கிராஸ். தண்ணீர் படாமலிருக்க அதன் மேல் மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் உறை.

ஹசன் அலியும் இருளாண்டியும் விசிறிக் காலைக் கயிற்றில் தாங்கிப் பிடிக்க, தங்கசாமி நட்டுகளைக் கழற்றினார். இருளாண்டியின் நெஞ்சிலும் முழங்கையிலும் வள்ளத்தின் விளிம்பு கிழித்த காயம் ஆறாமல் இருந்தது. அவர் தங்கசாமி, பூமயில் இரண்டு பேரின் முகத்தையும் நேராகப் பார்க்கவில்லை. கால் பின்னுக்கு நகர்ந்து சாஃப்ட் வெளியே வந்தபோது, ரப்பர் உறைக்குள்ளிருந்து பழுப்புத் தண்ணீர் கொஞ்சம் மணலில் கொட்டியது. மடிப்பில் ஒரு வெடிப்பு. உப்புத் தண்ணீர் உள்ளே போய் எல்லாவற்றையும் தின்றிருந்தது.

தங்கசாமி சாஃப்ட்டைக் கையில் வாங்கி ஆட்டிப் பார்த்தார். லொட லொடவென்றது. மூடியைப் பிடித்திருந்த சர்க்ளிப் வளையத்தை நெம்பி எடுத்து, சாஃப்ட்டை வைஸ் இடுக்கியில் வைத்து இறுக்கி, கிராஸின் ஒரு மூடியை வெளியே தள்ளினார். உள்ளே ஊசி ஊசியாகச் சின்ன உருளைகள் நிற்க வேண்டிய இடத்தில் செங்கல் பொடி மாதிரி துருதான் இருந்தது.

"அவன் சொன்னது சரிதான்" என்றார். "ஓட்டியிருந்தா நடுக்கடல்ல முறிஞ்சிருக்கும்."

சாக்கில் உட்கார்ந்திருந்த பூமயில் ஹசன் அலியை நிமிர்ந்து பார்த்தாள்.

"பாய், இத மாட்ட இம்புட்டு நேரந்தான் ஆகும்னா, அவன் சொன்ன அன்னைக்கே மாட்டியிருக்கலாம்ல? போட்டு ஓடியிருந்தா எம் பிள்ள மீன்பிடிக்கப் போயிருக்க மாட்டான்ல?"

"ஏ, சும்மா இரு" என்றார் தங்கசாமி.

"இல்லண்ணே, கேக்கட்டும்" என்றார் ஹசன் அலி. "ஆமா மதினி. போயிருக்க மாட்டான்."

அவள் எழுந்து வந்து வைஸின் பக்கத்தில் குந்தி, புது மூடிகள் இருந்த டப்பாவைத் திறந்தாள்.

புதுக் கிராஸை மாட்டுவது தங்கசாமி நினைத்தது போலச் சுலபமாக இல்லை. ரோட்டாவேட்டரில் எல்லாம் பெரிது. இதில் உருளைகள் தலைமுடி மாதிரி மெல்லிசாக இருந்தன. மூடிக்குள் கிரீஸைத் தடவி அவற்றைச் சுவரோடு சுவராக நிற்க வைக்க வேண்டும். அவருடைய விரல்கள் தடித்தவை. பூமயில் வாங்கிக்கொண்டாள். மிளகாய்ப் பழம் பறித்தே பழகிய விரல்களால் ஒவ்வொன்றாக நகர்த்தி நிறுத்தினாள். அவர் வைஸைத் திருகினார். மூன்று மூடிகள் உட்கார்ந்தன. நான்காவது பாதியில் நின்றது. சர்க்ளிப் போட இடம் வரவில்லை.

"சுத்தியல எடுத்து ஒரு தட்டுத் தட்டுங்கண்ணே" என்றார் இருளாண்டி.

"வேணாம். உள்ளுக்க ஒண்ணு விழுந்து கெடக்கு."

மறுபடி தள்ளி எடுத்தார். ஒரு உருளை குறுக்கே படுத்துக் கிடந்தது. பூமயில் அதை எடுத்து நிறுத்தினாள். இரண்டாம் முறை மூடி நேராக இறங்கியது. கையால் மடக்கிப் பார்த்தார். கிராஸ் எண்ணெய்போல வழுக்கிக்கொண்டு திரும்பியது. இரண்டாவது கிராஸையும் மாட்டி முடிக்கும்போது வெயில் உச்சியைத் தாண்டிவிட்டது.

புது ரப்பர் உறையைப் பசை போட்டு ஒட்டினார்கள். பசை காயாமல் தண்ணீரில் இறக்கினால் உறை கழன்று படகுக்குள் கடல் வந்துவிடும், ஒரு ராத்திரி பொறுக்க வேண்டும் என்றார் ஹசன் அலி. தங்கசாமி வெறிபிடித்தவர் போலக் கத்தினார்.

"அங்கன அவன் தண்ணியில்லாமக் கெடப்பான். இங்கன பசை காயணுமா?"

காற்று மணலை வாரி அடித்தது. ஹசன் அலியின் மனைவி நூர் நிஷா சோறு கொண்டுவந்து வைத்தாள். தங்கசாமி இரண்டு வாய் அள்ளிப் போட்டார். பூமயில் தட்டைத் தொடவே இல்லை. நூர் நிஷா அவள் முதுகில் கை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

காலையில் விசிறிக் காலைத் தூக்கி மாட்டினார்கள். சாஃப்ட்டின் பற்கள் இன்ஜின் பக்கத்துப் பற்களோடு பொருந்தி, நட்டுகள் இறுகின. டிராக்டர் வந்து டிரெய்லரை இழுக்கத் தயாராக நின்றது. அப்போது தங்கசாமி ஸ்பேனரை எடுத்து மறுபடியும் ஒரு நட்டைத் தளர்த்த ஆரம்பித்தார்.

"ஏன் கழத்துறீக?" என்றாள் பூமயில்.

"சரியா உக்காந்துச்சான்னு ஒருவாட்டி பாத்துக்கிருவோம்."

"பாத்தாச்சு. பாயும் பாத்தாச்சு."

"சர்க்ளிப்பு ஒண்ணு சந்தேகமா இருக்கு. கால எறக்கிட்டு…"

அவள் அருகில் வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"போனா என்னத்தப் பாக்கப்போறமோன்னு பயப்படுறீக. எனக்கும்தான் பயமா இருக்கு. எந்திரிங்க."

அவர் தளர்த்திய நட்டைத் திரும்ப இறுக்கினார்.

ஹசன் அலி ஓட்டினார். இருளாண்டி முன்னால் நின்று வழி காட்டினார். கணவனும் மனைவியும் நடுப்பலகையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆழம் வந்ததும் ஹசன் அலி படகை இடப்பக்கம் ஒடித்தார், பிறகு வலப்பக்கம். உறுமல் இல்லை. "சத்தமே இல்லண்ணே" என்று சொல்லிவிட்டு, ஏன் சொன்னோம் என்பதுபோல வாயை மூடிக்கொண்டார்.

முதலில் முல்லித் தீவைச் சுற்றினார்கள். தங்கசாமி எழுந்து நின்று இரண்டு கைகளையும் வாயருகே குவித்து, "அருளு! ஏ அருளு!" என்று கத்தினார். புதருக்குள்ளிருந்து நாரைகள் எழுந்து பறந்தன. வெள்ளை மணலும் அறுந்த வலைகளும் பிளாஸ்டிக் பாட்டில்களும் கிடந்தன. அடுத்தது முயல் தீவு. அது நீளமான தீவு. தென்பக்கம் அலை அதிகமாக இருந்ததால் ஹசன் அலி விலகியே ஓட்டினார். இன்னும் கிட்டே போகச் சொல்லித் தங்கசாமி அவர் தோளைப் பிடித்து உலுக்கினார்.

தீவின் கிழக்கு முனையில் இருளாண்டி திடீரென்று கையை நீட்டினார். மணல் திட்டில் நீலமாக ஏதோ கிடந்தது.

இருளாண்டி இடுப்பளவு தண்ணீரில் குதித்து ஓடினார். தங்கசாமியும் குதித்தார்; தண்ணீரில் நடக்கத் தெரியாமல் விழுந்து, உப்பைக் குடித்து, எழுந்து ஓடினார். அது இருளாண்டியின் டீசல் கேன்தான். அடியில் சூடு பட்டு உருகிய தழும்பைத் தடவிப் பார்த்து, "என்னோடதுதான்" என்றார் இருளாண்டி.

"பாத்தியா, பாத்தியா! நான் சொன்னேன்ல! இங்கனதான் ஏறிருக்கான்!" தங்கசாமி புதருக்குள் ஓடினார். முள் கிழித்தது. கூப்பிட்டுக்கொண்டே தீவின் மறுபக்கம் வரை போனார். நண்டுக் கால் தடமும் பறவைக் கால் தடமும் தவிர மணலில் வேறு தடமில்லை. குடிக்கத் தண்ணீர் தோண்டிய குழி இல்லை. ஒடித்த கிளை இல்லை. அவர் திரும்பி வரும்போது ஹசன் அலியின் கையைப் பிடித்துக்கொண்டு பூமயிலும் கரைக்கு வந்திருந்தாள்.

அவள் மணலில் உட்கார்ந்து கேனை மடியில் வைத்திருந்தாள். கேனின் கைப்பிடியில் ஒரு துணி முடிந்திருந்தது. அருள்முருகனின் சட்டையிலிருந்து கிழித்தது. கட்டம் போட்ட பச்சைத் துணி. கை தளர்ந்தாலும் கேன் போய்விடக் கூடாது என்று தன் மணிக்கட்டையும் கைப்பிடியையும் சேர்த்துக் கட்டியிருக்கிறான். முடிச்சு அவிழாமல் இருந்தது. பூமயில் அந்த வளையத்துக்குள் தன் கையை விட்டாள். வளையல்கள் வரை போய் நின்றது. அவள் கையை வெளியே எடுக்கவே இல்லை.

தங்கசாமி அதைப் பார்த்தார். "அவுத்துட்டு எறங்கிப் போயிருக்கான்" என்றார்.

"முடிச்சு அப்படியேதான இருக்கு" என்றாள் பூமயில்.

"கைய உருவிட்டுப் போயிருப்பான். மனோலித் தீவுப் பக்கம் பாப்போம். பாய், படக எடுங்க. மனோலி, அதுக்கு அங்கிட்டு… பாய்!"

ஹசன் அலி முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு நின்றார். இருளாண்டி தண்ணீரிலேயே முட்டி போட்டு உட்கார்ந்து, "நான் விட்டுட்டேன் தாயி, நான் விட்டுட்டேன்" என்று அழுதார். பூமயிலுக்கு அழுகை வரவில்லை. வீட்டுக்குப் போவோம் என்று மட்டும் சொன்னாள்.

தங்கசாமி கேட்கவில்லை. மனோலி வரை போனார்கள். பாம்பன் பாலம் தூரத்தில் தெரியும் வரை போனார்கள். டீசல் குறைந்ததும் ஹசன் அலி திருப்பினார்.

அதற்குப் பிறகும் தங்கசாமி ஓயவில்லை. தினமும் போனார்கள். சில நாள் ஹசன் அலி, சில நாள் இருளாண்டி. பூமயில் சில தடவை கூட வந்தாள், பிறகு கரையிலேயே இருந்துவிட்டாள், பிறகு ஊருக்குப் போய்விட்டாள். உடம்பு கிடைக்கவில்லை. ஊரில் உறவுக்காரர்கள் சடங்கைச் செய்து முடித்துவிடலாம் என்றார்கள். தங்கசாமி அதற்கும் போகவில்லை.

கச்சான் அடங்கியதும் சுற்றுலாக்காரர்கள் வரத் தொடங்கினார்கள். ஹசன் அலி புது டிரைவர் ஒருவரை வைத்தார். தங்கசாமி தினமும் காலையில் வந்து படகின் பின்பலகையில் உட்கார்ந்துகொள்வார். ஏறுகிற குடும்பங்கள் படம் எடுத்துக்கொண்டு சிரிக்கும்போது, அவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பார். இறங்கச் சொல்ல ஹசன் அலிக்கு வாய் வரவில்லை. ராத்திரியும் தங்கசாமி படகுக் கொட்டகையிலேயே படுத்துக்கொண்டார்.

ஐப்பசியில் மழை விழுந்த பிறகு பூமயில் ஒருநாள் வந்தாள். மெலிந்து போயிருந்தாள். படகு கரைக்குத் திரும்பும் வரை காத்திருந்து, அவர் இறங்கியதும் எதிரே போய் நின்றாள்.

"கம்மாயில தண்ணி வந்துருச்சு. எல்லாரும் வெதச்சுட்டாக. நம்ம வயலு சும்மா கெடக்கு. வாங்க, போவோம்."

"நீ போ. நான் வாரேன்."

"எப்ப வாரீக?"

அவர் அவள் தோளுக்கு மேலாகக் கடலைப் பார்த்தார்.

"எனக்கு இருக்குறது நீங்க ஒருத்தர்தான்" என்றாள். "வீட்டுக்குள்ள தனியா இருக்க முடியல. வெளக்கப் பொருத்திட்டு வாசல்லயே உக்காந்திருக்கேன்."

"இந்த வாரம் முழுக்க வாலிநோக்கம் பக்கம் பாக்கணும். அந்தப் பக்கம் இன்னும் பாக்கல."

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். ராமநாதபுரம் பஸ் வந்தது. அதில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கடற்கரைப் பக்கமிருந்து யாராவது வருகிறார்களா என்று ஒருமுறை எட்டிப் பார்த்தாள். கண்டக்டர் எங்கே போகணும் என்று கேட்டார். அவள் ஊரின் பெயரைச் சொல்லி, ஒரு டிக்கெட் வாங்கினாள்.