சீரான் மேட்டுக் கிண்ணம்

உப்புப் பாலையின் வடவிளிம்பில், பனிமுடி கலையாத மலைத்தொடர் காவல் நிற்க, அரிதாள் மட்டும் எஞ்சிய கோதுமை வயல்களின் நடுவே, படுத்துறங்கும் ஒட்டகத்தின் திமிலென எழுந்திருந்தது சீரான் மேடு. முதுவேனில் முற்பகலின் வெயில் அதன் வெட்டுக்குழிகளுள் இறங்கி, மேலே அடுப்புச் சாம்பலையும் அதனடியில் அதனினும் பழைய மஞ்சட் களியையும் அடுக்கடுக்காய்க் காட்டிய அவ்வேளையில், பாரசீகத்தின் தொல்பழங்கால ஆய்வறிஞருள் முதன்மையரென மதிக்கப்பெற்ற மெஹ்ரங்கீஸ் அம்மையார், மண்ணை நோக்காது, தோண்டுவோர்தம் கைகளையே நோக்கி அமர்ந்திருந்தார்.

முப்பதாண்டுகட்கு முன் இம்மேட்டின் மஞ்சட் களியில் அகப்பட்ட, வரையாடு தீட்டிய, அக்களியின் பழமையால் தீட்டுக்கலங்களுள் மிக மூத்ததெனக் கொள்ளப்பெற்ற கிண்ணம் ஒன்றே அவருக்குப் பேராசிரியர் இருக்கையும் நூல்களும் புகழும் ஈட்டித் தந்தது. இவ்வாண்டு மீண்டும் தோண்டியபோதோ, அக்களியில் தீட்டிய ஓடு ஒன்றேனும் தட்டுப்படவில்லை. ஐயுற்ற அம்மையார், காட்சியகப் பேழையினின்று கிண்ணத்தை எடுப்பித்து உருப்பெருக்கியால் நோக்க, அதன் உள்விளிம்பில் ஒட்டியிருந்தது மேலடுக்கின் சாம்பல். மேலடுக்கினின்று எவரோ எடுத்துக் கீழே களியில் இட்டிருக்கிறார். பொறாமை கொண்ட தோழரோ, குறும்பு செய்த மாணவரோ என ஒவ்வொரு முகமாய் நினைவில் புரட்டியவர், ஈற்றில், அன்றுதொட்டு உடனிருக்கும் தோண்டுநர் தலைவர் ஷீர்சாதின் முன் வந்து நின்றார்.

ஷீர்சாத் சர்க்கரைக் கட்டியைப் பல்லிடை வைத்துத் தேநீர் உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

"ஷீர்சாத், அந்தக் கிண்ணத்த களியில வச்சது யாரு?"

"நான்தாம்மா. பத்து நாளா என் கையையே பாத்துட்டிருந்தீங்க. கேட்டிருந்தா மொத நாளே சொல்லியிருப்பேன்."

"ஏன் செஞ்சீங்க?"

"அப்ப குழிய மூடச் சொல்லி தெஹ்ரான்லேர்ந்து கடுதாசி வந்துச்சு. நீங்க ரொட்டியத் தொட்டு ரெண்டு நாளாயிருந்துச்சு. எனக்கு மனசு கேக்கல."

"என் படிப்பையே பொய்யாக்கிட்டீங்களே."

ஷீர்சாத் குவளையைக் கீழே வைத்தார். "நான் மண்ணு வெட்றவன், நீங்க படிச்சவங்க. அன்னைக்கு அதுக்குள்ள கெடந்த சாம்பல ஊதித் தள்ளினது யாரும்மா? ஊதிட்டு என்னத் திரும்பிப் பாத்தீங்க, நான் எதாச்சும் சொல்லிடுவேனான்னு."

அம்மையாரின் நினைவில், இதழ் குவித்து ஊதிய அந்த ஒரு நொடியும், காற்றில் கலைந்த நரைத்த துகளும், உடனே நெஞ்சுள் தாம் இழுத்துச் சாத்திய கதவும், கழுவிய ஓட்டின் கோலமெனத் தெளிந்து எழுந்தன.

அன்று மாலையே, தம் நூல்கள் மூன்றின் காலக்கணிப்பும் பிழையென்றும், சாம்பலைக் கண்டும் மறைத்தவர் தாமேயென்றும் ஆய்விதழுக்கு எழுதினார். ஷீர்சாதின் பெயரை எழுதவில்லை. இருக்கை போயிற்று, வாழ்த்தியோர் வாளாவிருந்தனர். பிறரை ஐயுறுதல் கற்றோர்க்கு எளிது. தம்மை ஐயுற்று, கண்டதை ஏட்டில் எழுதிக் கையெழுத்திடுதல் அரிது. அறுபத்திரண்டாம் அகவையில் மெஹ்ரங்கீஸ் அம்மையார் அதனைச் செய்தார்.