குருத்தில் ஊற்றிய வேப்பந்தண்ணீர்

முதலில் நாற்றம்தான் வந்தது. கீற்றுக் கொட்டகைக்குள் தாண்டவராயன் காலை வைத்ததுமே, சந்தை கலைந்த இடத்தில் யாரோ மறந்துவிட்டுப் போன மீன்கூடையின் வாடை மூக்கில் ஏறியது. எலி செத்துக் கிடக்கிறதென்று பலகைக்கு அடியில் குனிந்து பார்த்தான். எலி இல்லை. நிமிர்ந்தபோது முகத்துக்கு நேராக இருந்த தொட்டியில் புதுக்குருத்து தலை சாய்ந்திருந்தது. தொட்டான். தோல் விரலோடு வந்தது. உள்ளே பழுப்பாக, சளி மாதிரி ஒழுகியது.

அடுத்த தொட்டியையும் பார்த்தான். அதற்கடுத்ததையும். பன்னிரண்டில் ஒன்பது.

விழுப்புரம் ரயில்வே காலனியில் தண்டவாள இன்ஸ்பெக்டர் ரொசாரியோ துரையின் பங்களா அது. துரைசானி ஏற்காட்டிலிருந்து கொண்டுவந்த ஆர்க்கிட் செடிகள் அவை. மண் வேண்டாம், கரியிலும் ஓட்டுச்சில்லிலும் வேர் பிடித்து நிற்கும். பழைய தண்டில் பூக்காது. வருஷத்துக்கொரு புதுக்குருத்து, அதன் உச்சியில்தான் பூ. இந்த வருஷம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்பதில், புரட்டாசியில் திண்டிவனத்து மாதா கோயிலில் துரைசானியின் தங்கை மகளுக்குக் கல்யாணம். மணப்பெண் கையில் பிடிக்கப் பூ இங்கேயிருந்துதான் போகவேண்டும். கல்யாணத்துக்கு உடுப்பு தைக்கத்தான் துரைசானி பத்து நாளாகத் திண்டிவனத்தில் இருந்தாள். சனிக்கிழமை வருவாள். இன்றைக்கு வியாழன்.

தாண்டவராயனின் அப்பனும் அண்ணனும் கோலியனூரில் ஒரு பண்ணையில் படியாட்கள். அவனும் பதினெட்டு வயது வரை அங்கே சாணி அள்ளினான். மாட்டு மூத்திரம் ஊறிய தொழுவத்து மூலையில் உட்கார்ந்து கூழ் குடித்தான். அங்கேயிருந்து தப்பி வந்து ஏழு வருஷம். தோட்டத்தில் மாலி வேலை, பங்களாவுக்குப் பின்னால் ஓட்டு அறை, காக்கிச் சட்டை. இந்தச் செடிகள் செத்தால் சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு அந்தத் தொழுவத்துக்குத்தான் போகவேண்டும். நினைத்ததும் வாயில் எச்சில் ஊறியது. துப்பினான்.

குருத்தின் மடலைப் பிரித்துப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது. அரைத்த வேப்பிலைச் சக்கை. மடலின் அடியில் மஞ்சள் வண்டல். ஒன்பதிலும் அதுவே.

"வெள்ளே!" என்று கத்தினான்.

அவன் பெண்டாட்டி வெள்ளையம்மாள் இடுப்பில் குடத்தோடு வந்தாள். கிணற்றிலிருந்து செடிகளுக்குத் தண்ணீர் சுமப்பது அவள்தான்.

"இன்னாத்துக்கு இப்படிக் கத்தற? அம்மா இருக்கற எடம்யா. மெதுவாப் பேசு."

"எந்த அம்மா?"

"கண்ணு தெரியலயா ஒனக்கு? முத்து முத்தாப் போட்டிருந்திச்சி. அன்னிக்கே கேட்டனே, செடிக்கு அம்மா வார்க்குமான்னு. நீ சிரிச்சிக்கினு போயிட்ட."

கேட்டாள்தான். ஒரு வாரம் முன்பு. நீர் கோத்த கொப்புளம் இரண்டு குருத்தில் இருந்திருக்கிறது. அப்போதே பார்த்து வெட்டியிருந்தால் இரண்டோடு போயிருக்கும். பொம்பளைக்கு என்ன தெரியும் என்று சிரித்துவிட்டுப் பீடி பற்றவைக்கப் போனான்.

"அதனால?"

"அதனால இன்னா? வேப்பலையும் மஞ்சாவும் அரைச்சிக் கரைச்சி தெனம் ஊத்தினு வர்றேன். வூட்ல தாளிக்கல. நீயும் ஒரு வாரமாக் காரம் இல்லாமத்தான துன்ற, ஏன்னு ஒரு வார்த்த கேட்டியா? போன பங்குனில அம்சாவுக்கு இப்படித்தான எறங்கிச்சி? கொழந்த பொழச்சாளா இல்லயா?"

அம்சா பிழைத்தாள். நாலு வயது, முகத்தில் தழும்போடு கிணற்றடியில் விளையாடிக்கொண்டிருந்தாள்.

"மேல ஊத்தாதன்னு சொன்னனா இல்லயா?"

"சொன்ன. ஏன்னு சொன்னியா? தொரை மாதிரி வெரல ஆட்டிக்கினு சொன்ன."

குருத்தின் நடுவில் தண்ணீர் நின்றால் ஒரே ராத்திரியில் அழுகும் என்று துரைசானி அவனுக்குப் புத்தகத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தாள். அதை அவன் பெண்டாட்டியிடம் சொல்லவில்லை. அது அவனுக்கு மட்டும் தெரிந்த விஷயமாக இருந்தது. காலனியில் வேறெந்த மாலிக்கும் தெரியாது. அந்தப் பெருமையை அவன் காக்கிச் சட்டையோடு சேர்த்துப் போட்டுக்கொண்டு திரிந்தான்.

சமையற்காரன் பாண்டுரங்கன் மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு கொட்டகை வாசலில் எட்டிப் பார்த்தான்.

"இன்னா தாண்டவா, பொணம் கிணம் பொதைச்சி வெச்சிருக்கியா?"

"அடுப்புல நெருப்பு இருக்குதா?"

"இருக்குது. எதுக்கு?"

"கத்தி காய்ச்சணும். வெட்டப் போறேன்."

"பேஜார் புடிச்சவனே, தொரசாணி வரட்டும். அவங்க பூவ நீ வெட்டிட்டு நாளைக்கு இன்னா பதில் சொல்லுவ?"

"சனிக்கெழம வரைக்கும் வுட்டா பழைய தண்டுக்கும் எறங்கிடும். அப்புறம் வெட்டறதுக்கும் ஒண்ணும் இருக்காது."

நெருப்பில் பழுக்கக் காய்ச்சிய கத்தியைக் கொண்டுவந்தபோது வெள்ளையம்மாள் வாசலை மறித்தாள்.

"அம்மா இருக்கற எடத்துக்கு இரும்பக் காய்ச்சிக் கொண்டாறியே, பாவி. கொழந்த இருக்கற வூடுய்யா இது."

"நவுரு."

"மாட்டேன்."

தோளைப் பிடித்துத் தள்ளினான். குடம் சாய்ந்து தண்ணீர் அவன் காலில் கொட்டியது.

வெட்டுவது சுத்தமான வேலை இல்லை. குருத்தை அடியில் அறுத்தால் அறுத்த வாயில் பழுப்பு வளையம் தெரியும். வளையம் தெரிந்தால் இன்னும் கீழே அறுக்கவேண்டும். கெட்டியாக, பச்சையாக, வெள்ளரிக்காயை வெட்டின மாதிரி தெரியும் வரை நிறுத்தக்கூடாது. ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியை மறுபடி நெருப்பில் காட்டவேண்டும், இல்லையென்றால் கத்தியே அடுத்த செடிக்கு நோயைக் கொண்டுபோகும். சூட்டில் அந்தச் சளி கத்தியில் பொரிந்து புகைந்தது. அந்தப் புகை தொண்டையில் ஒட்டியது. நாலாவது தொட்டியில் வெளியே ஓடிப்போய் வாந்தி எடுத்துவிட்டு வந்தான். தண்டின் அறுத்த வாயில் கந்தகப் பொடி அப்பினான். மிச்சத்தின் மேல் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்துத் தடவினான். நன்றாக இருந்த மூன்று தொட்டிகளைத் தூரத்தில் கொண்டுபோய் வைத்தான். அவற்றில் இந்த வருஷம் பூக்கிற குருத்து ஒன்றும் இல்லை.

துரைசானிக்குப் பிடித்த வெள்ளைப்பூச் செடியில் குருத்தோடு நிற்கவில்லை. அடுத்த தண்டிலும் வளையம். அதற்கடுத்ததிலும். கடைசியில் சுருங்கிப்போன இரண்டு கிழட்டுத் தண்டு மட்டும் மிச்சம். வெட்டியதையெல்லாம் குழிக்குள் கொட்டி எரித்தான். வெள்ளையம்மாள் சொன்னதில் ஒரு வார்த்தைகூட அவன் நம்பவில்லை. ஆனாலும் எரிக்கும்போது அம்சா பக்கம் புகை போகிறதா என்று இரண்டு தரம் திரும்பிப் பார்த்தான். தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

சனிக்கிழமை துரைசானி ஸ்டேஷனிலிருந்து நேராகக் கொட்டகைக்கு வந்தாள். தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. மொட்டைத் தண்டுகளைப் பார்த்தாள். மேலே பூசியிருந்த நீலப் பூச்சைப் பார்த்தாள். கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டாள்.

"அழுகல் எப்படி வந்தது? மேலே தண்ணீர் ஊற்றினது யார்?"

வெள்ளையம்மாள் பத்தடி தள்ளிக் குடத்தோடு நின்றிருந்தாள். துரைசானியின் தமிழ் எல்லோருக்கும் புரியும் தமிழ்தான்.

"எம் பொண்டாட்டிங்க மேடம்."

யோசிக்காமல் வந்துவிட்டது. யோசித்திருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பான் என்று அடுத்த நொடியே அவனுக்குத் தெரிந்தது.

"நீ சொல்லிக் கொடுக்கவில்லையா?"

"சொன்னேங்க மேடம். கேக்கல. புடிவாதக்காரிங்க."

துரைசானி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "இவள் இனிமேல் காம்பவுண்டுக்குள் இருக்கக்கூடாது. நீ வெட்டினது சரி. நீ இரு."

அவ்வளவுதான். வெள்ளையம்மாள் குடத்தைக் கிணற்றுமேட்டில் கவிழ்த்துவிட்டு அறைக்குள் போனாள். வெளியே வந்தபோது தலையில் ஒரு மூட்டை, கையில் அம்சா.

"எங்க போற?" என்றான்.

"எனுக்கு எங்க அப்பன் ஆத்தா இருக்காங்களா? ஒன் அண்ணன் வூட்டுக்குத்தான். நாத்து நடவுக்கு ஆளு கேட்டுக்கினு இருக்காங்களாம் பண்ணையில."

அவனைத் தவிர வேறெவனாக இருந்தாலும் அங்கேயே ஏதாவது சொல்லியிருப்பான். அவன் கதவைத் திறந்துவிட்டான்.

கல்யாணத்துக்குத் துரைசானி மதராசிலிருந்து ரோஜா வரவழைத்துக்கொண்டு திண்டிவனம் போனாள். தாண்டவராயன் தானே தண்ணீர் சுமந்தான். புரட்டாசி கடைசியில் அந்த வெள்ளைப்பூச் செடியின் கிழட்டுத் தண்டுக்கு அடியில் அரிசி அளவுக்குப் பச்சையாக ஒரு முளை தெரிந்தது. துரைசானி அதைக் குனிந்து பார்த்துவிட்டுக் கை தட்டினாள். "குட் மாலி" என்றாள். சந்தோஷத்தில் அவளுக்குத் தாராளம் வந்துவிட்டது. "உன் பெண்டாட்டி வரட்டும். செடிப் பக்கம் மட்டும் வரவேண்டாம்."

அன்றைக்கே கோலியனூருக்கு நடந்தான்.

பண்ணை வயலில் பத்துப் பதினைந்து பெண்கள் முழங்கால் சேற்றில் குனிந்து நின்றார்கள். அவள் வரப்போரமாக இருந்தாள். விரலிடுக்கெல்லாம் சேற்றுப்புண்ணில் வெளுத்திருந்தது. நாற்றுமுடி கையிலேயே இருக்க, நிமிர்ந்தாள்.

"வரச் சொல்லிட்டாங்க," என்றான். "மொளை வந்திடுச்சி. வா."

"யாரு வரச் சொன்னது?"

"தொரசாணி."

"நீ சொல்லல."

"நானுந்தான். ஜல்தி கெளம்பு வெள்ளே, இருட்டறதுக்குள்ள போயிடலாம்."

அவள் அவன் சட்டையைப் பார்த்தாள். பிறகு முகத்தை. செருப்பில் ஒட்டியதைப் பார்க்கிற பார்வை.

"அந்த மொளை அழுகிப்போனா யாரு பேரு சொல்லுவ?" என்றாள். "அம்சா பேரா? அவ இன்னும் தண்ணி மொள்ள ஆரம்பிக்கலயே."

மேட்டு வரப்பில் குடையோடு நின்ற காரியக்காரர் சத்தம் போட்டார். "ஏ வெள்ளையம்மா, நட்டுக்கினு இருக்கறத வுட்டுட்டு இன்னா பேச்சு? யாரு அவன்?"

அவள் அதற்குள் குனிந்துவிட்டாள். ஒரு முடியைப் பிரித்து மூன்று நாற்றுகளைச் சேற்றில் ஊன்றினாள்.

"வழி கேக்கறாருங்க," என்றாள். "விழுப்புரத்துக்கு."