சாக்கில் எழுதிய சொல்

"இத அனுப்பாத மரியசெல்வம்" என்று பங்குச் சாமியார் கடிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். மரியசெல்வத்துக்கு முகம் செத்துப்போயிற்று.

சீமையில் அகராதி அச்சடிப்பவர்களுக்கு எழுதிய கடிதம் அது. சங்கைக் குறிக்கும் 'காங்க்' என்ற இங்கிலீஷ் சொல் தங்கள் ஊரான மண்டபம் கரையிலிருந்து போனதுதான் என்று மூன்று பக்கம். எழுதியதோடு விட்டாரா, டீக்கடையில் தமுக்கும் அடித்துவிட்டார். அவருடைய அய்யா சந்தியாகு சங்கு குளிக்கப் போனவர், திரும்பவில்லை. உடலும் கரைக்கு வரவில்லை. கல்லறைத் திருநாளில் ஊரே மெழுகுவர்த்தி ஏற்றும்போது மரியசெல்வம் மட்டும் எங்கே நிற்பதென்று தெரியாமல் நிற்பார். அய்யா பேருக்கு ஒரு சொல்லாவது இருக்கட்டுமே என்றுதான் இவ்வளவு பாடு.

"காங்க், லத்தீன் கொங்காலருந்து வந்தது. அது கிரேக்கத்துக் கொங்கேலருந்து. சமஸ்கிருதத்து 'சங்க'ங்கிற சொல்லு அதுக்குக் கூடப்பொறந்தது. ஒண்ண இன்னொண்ணு பெக்கல" என்றார் சாமியார்.

மறுநாள் மரியசெல்வம், தான் வேலைபார்க்கும் சங்குக் கிட்டங்கியில், கல்கத்தா போகும் மூட்டைகளுக்குத் தாரில் பேர் எழுதிக்கொண்டே மனைவியிடம் சொல்லிப் புலம்பினார். சோறு கொண்டுவந்த புஷ்பமேரி நிதானமாகத் தூக்குவாளியைத் திறந்தாள்.

"தெனமும் சாக்குல இதத்தான எழுதுறீக. இது என்ன?"

"சாங்க். சங்குக்கு இங்கன ஆபீஸ்ல புழங்குற இங்கிலீஷ் பேரு."

"அதச் சாமிகிட்டக் கேட்டீகளா?"

கேட்கவில்லை. பன்னிரண்டு வருஷமாகச் சாக்கில் அதையே எழுதிக்கொண்டு, கையில் வெண்ணெயோடு நெய்க்கு அலைந்திருக்கிறார். சோற்றை அப்படியே விட்டுவிட்டுக் கோயிலுக்கு நடந்தார்.

சாமியார் பெரிய அகராதியைப் புரட்டினார். அதில் 'சாங்க்' இருந்தது. "போர்ச்சுக்கீசியர் வாய் வழியாப் போயிருக்கு. நம்ம பக்கம் சங்கு வாங்க வந்தவுக, இங்கன கேட்டுட்டுப் போன சொல்லு மாதிரித்தான் தெரியுது."

மரியசெல்வம் அகராதி மேல் குனிந்தார். கேட்டிருப்பார்கள். சங்கோடு முங்கி எழுந்து, தோணியில் ஏறி மூச்சு வாங்கிய எவனோ ஒருவன் சொல்லக் கேட்டிருப்பார்கள். அந்த வரியைத் தொட்டுப் பார்த்தார். கையிலிருந்த தார், தாளில் கட்டைவிரல் அளவுக்கு ஒட்டிக்கொண்டது.

"ஐயோ, தொடச்சுர்றேன் சாமி."

"தொடச்சா பரவிரும். காயட்டும்."

மரியசெல்வம் தார்க் கையை வேட்டியில் துடைத்தார். "சாமி, கல்லறைத் திருநாளுக்கு இந்தப் பக்கத்த ஒருக்காத் தெறந்து வைப்பீகளா?"

சாமியார் அகராதியை மூடவில்லை. கடல் காற்றில் தாள் புரண்டுவிடாமல், மேசையிலிருந்த மெழுகுவர்த்தித் தாங்கியை எடுத்து அதன் ஓரத்தில் வைத்தார்.